வெட்மோரின் இடது குழல்

டேட்டன், ஒஹாயோ
30 செப்டம்பர் 1956

அன்புத் தங்கை வெர்டாவுக்கு,

நீயும் மெர்லும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா? நீ இரவில் தூங்குகிறாயா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பூசி மெழுகாமல் பதில் எழுது. வசந்தத்தில் குழந்தை தவறிப்போன பிறகு, அந்த ஆஸ்பத்திரியில் கோடை வரைக்கும் நீ சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ரயில் பார்சலில் நீளமாக ஒரு பெட்டி வரும். உங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு. உனக்கு என்று நினைத்து ஆசையாகப் பிரிக்காதே, அது உன் புருஷனுக்கு. உள்ளே இருப்பது வெட்மோர் துப்பாக்கி, டபுள் பேரல், குழலின் வாயளவு பன்னிரண்டு போர். நானும் எத்தனையோ வருஷமாகப் பரண் பரணாக ஏறி இறங்கிப் பழைய இரட்டைக் குழல்களை வாங்கி விற்கிறேன். இப்படி ஒன்று கைக்கு வந்ததில்லையடி. இரும்பையும் எஃகையும் நாடாவாக அடித்து, முறுக்கி, தண்டில் சுற்றிப் பற்றவைத்த குழல்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மணலில் தண்ணீர் ஓடிய தடம் மாதிரி கோடு கோடாகத் தெரியும். தூக்கும்போது கனம் கையில் தெரியாது. மூடும்போது வரும் சத்தத்தை மெர்லைக் கேட்கச் சொல். அறுபது வருஷத்துக்கு முன்னால் அதைப் பொருத்தியவன் ஒரு மயிரிழை இடைவெளிகூட விடவில்லை.

மெர்லிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. பளபளப்பு வேண்டும் என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கட்டை பக்கம் போனால் நானே வந்து கையை ஒடிப்பேன். பழைய பூச்சு போனால் மதிப்பில் பாதி போச்சு. நான் வைத்திருக்கும் லேசான தோட்டாவை மட்டும் போடச் சொல். "முறுக்கு இரும்பா? புது வெடிமருந்துக்குத் தாங்காதுப்பா, ஒருநாள் வெடிச்சிடும்" என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். கோடை முழுக்கக் கன்னத்தில் வைத்து நானே சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். என் பெயரே அதில்தான் இருக்கிறது.

மாத்திரையை விட்டுவிடாதே. அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
ஆரின்

---

ஹெம்லாக் ரன், பென்சில்வேனியா
31 அக்டோபர் 1956

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் நலம், நாயும் நலம், இருபத்தாறு பசுக்களும் நலம். நீ ஒண்டிக்கட்டையாகப் பீன்ஸ் டப்பாவைப் பிரித்துத் தின்றுகொண்டு எப்படி நலமாக இருப்பாய் என்றுதான் அம்மாவுக்குக் கவலை.

தூங்குகிறேன் அண்ணா. சத்தியமாக. போன வாரம் ஆப்பிள் பை சுட்டேன். "அம்மாடி, அடுப்பு இந்த வீட்ல வேலை செய்யுது போலிருக்கே" என்று மெர்ல் கிண்டல் செய்துவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன்.

உன் துப்பாக்கி வந்ததிலிருந்து எனக்கு ஒரு சக்களத்தி வந்தமாதிரி இருக்கிறது. சாப்பிடும்போதும் மடியில். திறப்பான், மூடுவான், "கேட்டியா? கேட்டியா அந்தச் சத்தத்தை?" என்பான். பக்கத்துப் பண்ணை டுவைட் வந்து, நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தான்: "முறுக்கு இரும்பு வெடிச்சிடும் மெர்ல்." "வெடிச்சா உனக்கென்ன, உன் மூக்கா போகப்போகுது?" என்று இவன் சிரித்தான்.

சனிக்கிழமை சீசன் திறந்தது. மெர்ல் காட்டுக்கோழி இரண்டு கொண்டுவந்தான். நானும் என் சின்ன இருபது போர்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் முயலுக்குப் போனேன். என் கோட்டு தையல் விட்டுப் போனதால் அவன் கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறேன். முட்டிவரை தொங்குகிறது. "கோட்டு தானா நடந்து வருதே, உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்கிறான். அதற்கும் பை ஓட்டை, தைக்க வேண்டும்.

அடுத்த மாதம் நன்றி நாள் விருந்துக்கு வந்துவிடு. வான்கோழிக்கு நான் பொறுப்பு.

உன் தங்கை,
வெர்டா

---

ஹெம்லாக் ரன்
12 நவம்பர் 1956

அண்ணா,

யாருடைய நலத்தை எழுதுவது?

போன திங்கட்கிழமை காலை மெர்ல் பால் கறந்துவிட்டு மேட்டுக் காட்டுக்குப் போனான். சமையலறையிலிருந்து சுட்ட சத்தம் கேட்டது. அதில் ஏதோ சரியில்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. வெளியே ஓடினேன். அவன் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றி இடது கையைச் சுற்றிப் பிடித்திருந்தான். தொப்பிக்குள் கை என்று சொல்ல எதுவும் இல்லை அண்ணா. "வெர்டா, பாக்காதே. நீ பாக்காதே. டுவைட்டைக் கூப்பிடு" என்றான். அவ்வளவு வலியிலும் என்னைப் பார்க்காதே என்றான்.

மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. ஒற்றைக் கையோடு இருபத்தாறு பசுவை எப்படிக் கறப்பது என்று தூக்கத்தில் உளறுகிறான்.

டுவைட் என் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. பால்கூடத்தில் மற்றவர்களிடம் சொன்னான்: "நான் சொன்னேன்ல? அந்தப் பழைய இரும்பு ஒருநாள் குடும்பத்தைக் கெடுக்கும்னு." அண்ணா, அவன் சொன்னது சரிதானே? நீதானே உன் பெயர் அதில் இருக்கிறது என்று எழுதினாய்?

அந்தச் சனியனை நான் பார்க்கவில்லை. டுவைட் தீவனச் சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். அப்படியே உனக்கு ரயிலில் போட்டுவிட்டேன். அது இந்த வீட்டில் இருக்கக் கூடாது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எழுது. உடனே எழுது.

வெர்டா

---

டேட்டன்
24 நவம்பர் 1956

அன்புத் தங்கை வெர்டாவுக்கு,

மெர்லுக்குக் காய்ச்சல் தணிந்ததா? நீ சாப்பிடுகிறாயா? உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையால் கொடுத்த பொருள் இப்படிச் செய்துவிட்டதே என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிடந்தேன்.

ஆனால் நேற்றுச் சாக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். வெர்டா, துப்பாக்கிமேல் தப்பில்லை! குழல் பலவீனமாக இருந்திருந்தால் தோட்டா உட்காரும் அடிப்பக்கம்தான் முதலில் கிழியும். அங்கே ஒரு கீறல் இல்லை. வலது குழலும் விசையும் கட்டையும் புதுசுபோல இருக்கின்றன. இடது குழல் கிழிந்திருப்பது நாலு விரல் தள்ளி முன்னால், கையால் தாங்கிப் பிடிக்கும் இடத்தில். அங்கே ஏதோ அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடைத்தது என்ன என்பதும் எனக்குத் தெரியும். கிழிந்த ஓரத்தில் பித்தளைத் துண்டு ஒட்டியிருக்கிறது.

எண் பெரிசானாலும் இருபது போர்த் தோட்டா பன்னிரண்டைவிடச் சிறியது. பன்னிரண்டு போர்க் குழலில் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் முன்னால் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் காலியாகத்தான் தெரியும். பின்னாலேயே சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், உலகத்தில் எந்தக் குழலும் தாங்காது. இந்த எழவெடுத்த கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே சிவப்பு அட்டையில் செய்கின்றன.

ஆகவே ஒன்றை மட்டும் யோசித்துச் சொல். அதற்கு முந்தின சனிக்கிழமை மெர்லின் கோட்டை நீ போட்டுக்கொண்டு போனாயா? உன் தோட்டா அந்தப் பையில் இருந்ததா? ஞாயிறன்று உங்கள் பக்கம் வேட்டை கிடையாது. கோட்டு ஆணியில் தொங்கியபடியே இருந்திருக்கும். திங்கட்கிழமை அவன் அதைத்தான் எடுத்து மாட்டியிருப்பான்.

பதில் போடு. டுவைட்டின் வாயை அடைக்க வேண்டும்.

உன் அண்ணன்,
ஆரின்

---

ஹெம்லாக் ரன்
2 டிசம்பர் 1956

மச்சான் ஆரினுக்கு,

நான் பிழைத்துக்கொண்டேன். வலது கை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் தாள் நழுவுகிறது. மேலே சர்க்கரை டப்பாவை வைத்திருக்கிறேன்.

வெர்டாவுக்கு நீ எழுதியது அவள் கைக்குப் போகவில்லை. தபால் பெட்டிக்கு நான்தான் போனேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்று பிரித்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

நீ கண்டுபிடித்தது சரி. எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது. கோழி எழும்பியது, இரண்டு குழலையும் சுட்டேன், தப்பித்தது. பையில் கையை விட்டுத் தடவி இரண்டு தோட்டா போட்டேன். கண் முழுக்கக் கோழி பறந்து இறங்கிய புதர்மேல். இன்னொன்று எழும்பியது. இடது விசையை இழுத்தேன். டிக் என்றது, அவ்வளவுதான். திறந்தேன். காலி. அவசரத்தில் போடாமல் விட்டேன் என்று நினைத்து இன்னொன்றைப் போட்டேன். அந்த டிக் சத்தம் இப்போதும் காதிலேயே இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் பார்க்காதபோது கோட்டுப் பையைக் காலிசெய்தேன். அவள் தோட்டா இருந்தது. குளத்தில் எறிந்துவிட்டேன்.

ஆரின், அவள் வசந்தத்தில் எப்படி ஆனாள் என்று உனக்குத் தெரியும். குழந்தை போனதற்கே "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று முடியைப் பிய்த்துக்கொண்டவள். அது யார் தப்பும் இல்லை. இது அப்படி இல்லை. இதைச் சொன்னால் அவள் திரும்பவும் அந்த ஆஸ்பத்திரிக்கே போவாள். இந்த முறை திரும்பி வரமாட்டாள். கை போனால் போகட்டும், அவள் போகக் கூடாது.

அதனால் துப்பாக்கியே பழியைச் சுமக்கட்டும். கேட்பது எவ்வளவு பெரிசு என்று தெரியும். உன் வியாபாரமே அந்த ஒரு பேச்சில்தான் நிற்கிறது. அவள் முன்னால் நான் உன்னைத் திட்டுவேன். நன்றாகவே திட்ட வேண்டியிருக்கும். பல்லைக் கடித்துக்கொள்.

எனக்கு எழுதுவதானால் தீவனக் கடை முகவரிக்கு எழுது.

மெர்ல்

---

ஹெம்லாக் ரன்
20 டிசம்பர் 1956

ஆரின் அவர்களுக்கு,

ஐந்து வாரமாகிறது. ஒரு வரி பதில் இல்லை. மெர்லின் உடம்பு எப்படி என்றுகூட உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா தினமும் ஜன்னலில் உட்கார்ந்து தபால் வண்டியைப் பார்க்கிறாள். "பாவம், புள்ள கூச்சப்பட்டுக்கிட்டு எழுதாம இருக்கான்" என்று உங்களுக்குப் பரிந்து பேசுகிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரி வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றுகிறது.

பசுக்களை விற்றாயிற்று. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனபோது மெர்ல் வெளியே வரவில்லை. கொட்டகையில் அந்தச் சத்தம் இல்லாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"உங்கண்ணன் பெயரை இந்த வீட்ல எடுக்காதே" என்று மெர்ல் சொல்லிவிட்டான். ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், ஆமாம், நான்தான் சொன்னேன். இனி உங்களிடம் இந்த மாவட்டத்தில் யாரும் ஒரு ஆணி வாங்க மாட்டார்கள். வேறு யார் வீட்டுக்கும் இது நடக்கக் கூடாது.

ஒன்று கேட்கிறேன். அந்தத் துப்பாக்கியை உடைத்து ஆற்றில் போடுங்கள். போட்டேன் என்று எழுதுங்கள். அதன் பிறகு வேண்டுமானால் உங்களை மன்னிக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

வெர்டா

---

டேட்டன்
3 ஜனவரி 1957

அன்புத் தங்கை வெர்டாவுக்கு,

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாக விடியட்டும் என்று எழுதக்கூட எனக்கு வாயில்லை. மெர்லின் காயம் ஆறிவிட்டதா? அம்மா இருமுகிறாளா?

பதில் போடாதது என் தப்பு. நீ சொன்னதெல்லாம் சரி. துப்பாக்கி கெட்டது. முறுக்கு இரும்பைப் பற்றி நான் இத்தனை வருஷம் பேசியது வெறும் பிடிவாதம். அதற்கு விலையை மெர்ல் கொடுத்துவிட்டான். சங்கத்தில் நீ சொன்னதும் சரிதான்.

ஆனால் உடைத்து ஆற்றில் போடு என்கிறாயே, அதை மட்டும் கேட்காதே. என் உயிரைக் கேள், தருகிறேன். என்னால் ஒரு நல்ல திருகாணியைக்கூடத் தூக்கி எறிய முடியாது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா எறிந்த உடைந்த பூட்டைக் குப்பையில் தேடி எடுத்ததற்கு அடி வாங்கினேன், நினைவிருக்கிறதா? கிளீவ்லாந்திலிருந்து ஒருவர் வலது குழலையும் விசைப் பெட்டியையும் மட்டுமாவது கொடு என்று வந்து நின்றார். கொடுக்கவில்லை. விசைப் பெட்டிமேல் இருக்கும் அந்தச் செதுக்கு வேலையைச் செய்தவன் எந்தத் தப்பும் செய்யவில்லை வெர்டா. அது அலமாரியில் பூட்டிக் கிடக்கட்டும். யார் கண்ணிலும் படாது.

உன்னைத் திட்டத் தெரியாத அண்ணன்,
ஆரின்

---

ஹெம்லாக் ரன்
18 பிப்ரவரி 1957

ஆரின் அவர்களுக்கு,

அம்மா வெள்ளிக்கிழமை விடிகாலை போய்விட்டாள். நிமோனியா. கஷ்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். கஷ்டப்பட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு தடவை உங்கள் பெயரைச் சொன்னாள்.

மண் இரும்பாக உறைந்திருக்கிறது, தோண்ட முடியாது. கல்லறைக் காப்பறையில் வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் பனி இளகியதும் அடக்கம்.

நீங்கள் வர வேண்டாம். மெர்ல் ஒற்றைக் கையால் அம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அம்மாவுக்காக அழ வேண்டுமானால் அங்கேயே அழுங்கள்.

வெர்டா

---

தீவனக் கடையிலிருந்து
26 மார்ச் 1957

மச்சான் ஆரினுக்கு,

கடைக்காரர் உன் கடிதத்தைத் தந்தார். அடக்கத்தன்று அம்மாவை ஒரே ஒரு தடவை, ரோட்டிலிருந்தாவது பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கடையில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன்.

வேண்டாம் மச்சான். நீ ரோட்டில் நின்றால் அவள் பார்த்துவிடுவாள். பார்த்தால் வந்து சண்டைக்கு நிற்பாள். நீ அழுவாய், நான் உளறிவிடுவேன். இப்போதுதான் தூங்கத் தொடங்கியிருக்கிறாள். உன்மேல் இருக்கும் கோபம்தான் அவளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. சொல்வதற்கே நாக்கு கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

மர ஆலையில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. நீ கடையை மூடிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நம் இருவரில் யார் அதிகம் இழந்தோம் என்று தெரியவில்லை.

அம்மா பெட்டிமேல் உன் பங்குக்கும் ஒரு பிடி மண் போடுகிறேன். இந்தக் கையாலேயே.

மெர்ல்

---

ஹெம்லாக் ரன்
14 அக்டோபர் 1957

அண்ணா,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மெர்லுக்கு இந்தக் குளிருக்கு ஒரு கோட்டு வேண்டும். ஆணியில் ஒரு வருஷமாகத் தொங்கும் வேட்டைக் கோட்டை எடுத்தேன். இடது கையைக் குட்டையாக வெட்டி மடித்துத் தைத்தால் போதும் என்று நினைத்தேன். அந்த ஓட்டைப் பையையும் அப்போதே அடைத்துவிடலாம் என்று உள்துணியைப் பிரித்தேன். கீழ் மடிப்பில் இரண்டு தோட்டா கிடந்தன. இரண்டும் சிவப்பு. ஒன்று பெரியது. ஒன்று சின்னது. சின்னது என்னுடையது.

மெர்ல் ஆலைக்குப் போயிருந்தான். அவனுடைய பழைய ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர்த் துப்பாக்கியைத் திறந்து, அந்தச் சின்னதை உள்ளே போட்டேன். போய்விட்டது. எட்டிப் பார்த்தேன், காலியாகத் தெரிந்தது. பக்கத்தில் யாராவது நின்று என்னிடம் கேட்டிருந்தால் காலி என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். மறுபக்கமிருந்து துடைப்பக் குச்சியால் தள்ளி எடுக்க வேண்டியிருந்தது.

மெர்லிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன். வெடித்த இடத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும் என்று நீதான் முன்பெல்லாம் சொல்வாய். துப்பாக்கி உன்னிடம்தானே பூட்டிக் கிடக்கிறது? இடது குழலை எனக்கு அனுப்பு. என் கண்ணால் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் தங்கை,
வெர்டா

---

டேட்டன்
22 அக்டோபர் 1957

அன்புத் தங்கை வெர்டாவுக்கு,

நான் நல்ல சுகம். தொழிற்சாலை வேலை பழகிவிட்டது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீ என்னை அண்ணா என்று எழுதியதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போகட்டும். கோட்டில் கிடந்தது கோட்டிலேயே கிடந்த தோட்டா. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. வெடித்தது அடிப்பக்கம், தோட்டா உட்காரும் இடத்தில். என் கண்ணால் பார்த்தேன். இற்றுப்போன இரும்பு. உனக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

குழலை அனுப்ப வழியில்லை. போன டிசம்பரில் நீ கேட்டதை இப்போதாவது செய்யலாம் என்று தோன்றியது. உன் கடிதம் வருவதற்கு முன்பே, இந்த மாதத் தொடக்கத்தில், துண்டு துண்டாக அறுத்துப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டுவிட்டேன். இரண்டு குழல், விசைப் பெட்டி, கட்டை, எல்லாம். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஒழிந்தது சனியன். நீயும் அதை மறந்துவிடு.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. இரவில் தனியாக உட்கார்ந்து யோசிக்காதே. மெர்ல் நல்லவன், அவன் பக்கத்திலேயே இரு.

உன் அண்ணன்,
ஆரின்

---

ஹெம்லாக் ரன்
30 அக்டோபர் 1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே யாரும் நலமில்லை. அங்கே நீயும் நலமில்லை. இனிமேல் நாம் இதைப் பொய்யாக எழுத வேண்டாம்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நம்பிவிட்டேன். அப்பாடா என்று மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். பிறகு ஆற்றில் போட்டேன் என்ற இடத்துக்குத் திரும்பி வந்தேன். அதோடு நம்பிக்கை போய்விட்டது.

அப்பா எறிந்த பூட்டுக்காக அடி வாங்கினவன் நீ. நான் காலில் விழாத குறையாகக் கேட்டபோதும் உன்னால் முடியவில்லை. உன் வியாபாரம் போனபோதும் முடியவில்லை. அம்மாவை அடக்கம் செய்ய வராதே என்றேன், அப்போதும் அதைப் பூட்டித்தான் வைத்திருந்தாய். செதுக்கினவன் தப்பு செய்யவில்லை என்று எழுதினாய். அந்தத் துப்பாக்கியை உன் கையாலேயே அறுத்தாய் என்றால், அதில் நான் பார்க்கக் கூடாத ஒன்று இருந்தது. கெட்ட துப்பாக்கி என்றால் எனக்கு அனுப்பியிருப்பாய். குழல் இங்கே வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

முந்தாநாள் இரவுச் சாப்பாட்டின்போது அந்த இரண்டு தோட்டாவையும் மெர்லின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் அவற்றைப் பார்த்தான். பிறகு முள்கரண்டியை எடுத்து, "உருளைக்கிழங்கு ஆறுது, சாப்பிடு" என்றான். "எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன். "சாப்பிடு வெர்டா" என்றான். இறைச்சியை அவனால் வெட்ட முடியாது, ஒரு வருஷமாக நான்தான் வெட்டித் தருகிறேன். அன்றைக்கும் வெட்டிக் கொடுத்தேன். கத்தி வழுக்கியது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், நான் வெட்டி முடிக்கும்வரை விடவில்லை.

நான் உடைந்துபோகவில்லை அண்ணா. உடைந்துபோவேன் என்று நீங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தீர்கள். நானும் பயந்தேன். தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை, கொட்டகைப் பக்கம் போக முடியவில்லை. ஆனாலும் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன். மெர்லின் கையை நான் எடுத்தேன். உன் பெயரையும் நான்தான் எடுத்தேன், ஊரெல்லாம் போய், வாய் வலிக்க வலிக்கச் சொல்லி. நேற்றுத் துப்பாக்கிச் சங்கத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். டுவைட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவர்களுக்கு அது ஒருநாள் பேச்சு. உன் கடை திரும்பி வரப்போவதில்லை.

அம்மாவுக்கு மட்டும் என்னால் எதுவும் செய்ய முடியாது. கடைசியில் உன்னைத்தான் கேட்டாள். "தூங்கும்மா, வருவான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, வராதே என்று உனக்கு எழுதினேன்.

கல்லறைக்கு வழி பனி விழுந்தால் அடைபட்டுவிடும். அதற்குள் வந்துவிடு. சமையலறைக் கதவைப் பூட்டவில்லை. என்னைப் பார்த்ததும் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வராதே. நீ நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாய், எனக்கு அது வேண்டாம். உள்ளே வந்து உட்கார். உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்.

உன் தங்கை,
வெர்டா